சிறுவாட்டுப் பணம்

சென்ற மாதம் இப்பகுதியில், கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் குடும்பங்களின் பயணச் செலவைப் பற்றி எழுதியிருந்தோம். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து ரயில் முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன்னர்தான் திறக்கப்படுகிறது என்பதையும், ஆதலின் பணத்தை அதற்கேற்ப முன்கூட்டிச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் விளக்கியிருந்தோம். அதைப் படித்த சகோதரி ஒருவர் சங்கத்தின் முகவரிக்குக் கடிதம் விடுத்திருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார். "டிக்கெட்டுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். அந்தப் பணத்தை நான் யாரிடம் கேட்டு வாங்கவேண்டும், கேட்கும்போது என்ன காரணம் சொல்லவேண்டும் என்பதை எழுதவில்லை. என் தாயாரைப் போய்ப் பார்ப்பதற்கு மூன்று ஆண்டுகளாகக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். இத்தனைக்கும் நானும் வீட்டிலிருந்தபடியே மாதம் நாலாயிரம் சம்பாதிக்கிறேன்" என்பது கடிதத்தின் சாரம்.

உடனே பதில் எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தோம். எழுத முடியவில்லை. தடை நம் வீட்டிலேயே இருந்தது. அதனைப் பின்னர் சொல்கிறோம்.

சிறுவாடு என்றொரு சொல் உண்டு. மும்பையில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் அதனை அறியமாட்டார்கள். நம் தாய்மாரும் பாட்டிமாரும் நன்கு அறிவார்கள். வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் மிச்சம் பிடித்தது, மோர் விற்றது, முட்டை விற்றது, பூத்தொடுத்தது, பிறந்த வீட்டார் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனது ஆகிய எல்லாம் சேர்ந்தது சிறுவாடு. அது அஞ்சறைப் பெட்டியின் அடியிலும், உளுந்து டப்பாவிலும், பட்டுச் சேலையின் மடிப்பிலும் இருக்கும். இருக்கிறதென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். திடீரென்று பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்போது எங்கிருந்தோ இரண்டு நோட்டுகள் வெளிப்படும். குடும்பத் தலைவர், "இது ஏது?" என்று கேட்பதைப்போல் பாவனை செய்துவிட்டு வாங்கிக்கொள்வார்.

இவ்வழக்கத்தை நாம் பெருமையாகப் பேசுவதுண்டு. நம் பெண்களின் சிக்கனத்துக்குச் சான்று என்றும் சொல்வதுண்டு. ஆனால் சற்று யோசித்தால், பெண்ணிடம் பணம் இருக்கலாம், இருப்பதாக அவள் சொல்லக்கூடாது என்ற ஒப்பந்தமே அதில் அடங்கியிருப்பது புலனாகும். சொல்லிவிட்டால் அது குடும்பப் பணமாகிவிடும். குடும்பப் பணம் யார் பொறுப்பில் இருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஊரில் இருந்தவரை இந்த ஏற்பாட்டுக்குச் சில காவல்கள் இருந்தன. பிறந்த வீடு ஐந்து மைலிலோ பத்து மைலிலோ இருக்கும். பணத்தைத் தாயாரிடம் கொடுத்து வைக்கலாம். அண்டை வீட்டு அக்காவிடம் கைமாற்றாகக் கொடுத்துச் சிறு வட்டியும் வாங்கலாம். ஆட்டுக்குட்டி ஒன்று வாங்கி வாரத்துக்கு விடலாம். பத்துத் தெருவுக்கும் மொழி ஒன்றே ஆகையால் யாரிடமும் பேசிக் காரியம் முடித்துக்கொள்ளலாம். பிழைப்பை நாடி மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் தாராவிக்கும் செம்பூருக்கும் வந்த குடும்பங்கள் அந்த ஒப்பந்தத்தை மூட்டையோடு கொண்டுவந்தன. காவல்களை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் கணவனும் மாமியாரும் மூன்று பிள்ளைகளும் இருக்கும்போது ஒளித்து வைப்பதற்கு இடமேது? வங்கிக்குப் போனால் படிவம் மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. முகவரிச் சான்று கேட்டால் ரேஷன் அட்டை ஊரில் மாமனார் பெயரில் இருக்கிறது. ஊரிலே ஆயிரம் பேரை அறிந்திருந்த பெண், இங்கே கணவனின் வாய் வழியாகவே உலகத்தோடு பேசவேண்டியவள் ஆகிறாள்.

தாராவியில் விடியற்காலையில் நடந்து பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. மூன்று மணிக்கே பெண்கள் எழுந்து இட்லி வார்க்கத் தொடங்கிவிடுவார்கள். முதல் நாள் அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்ததும் அவர்களே. சட்னி அரைப்பதும் சாம்பார் கூட்டுவதும் அவர்களே. வெயில் ஏறுமுன் ஆண்கள் பாத்திரத்தைத் தலையிலோ சைக்கிளிலோ ஏற்றிக்கொண்டு நகரெங்கும் விற்கப் புறப்படுகிறார்கள். விற்ற காசு விற்றவர் பையில் விழுகிறது. இதில் யார் சம்பாதித்தவர் என்று கேட்டால் அந்தப் பெண்களே தங்கள் வீட்டுக்காரரைத்தான் காட்டுவார்கள். தம்மைப் பற்றிக் கேட்டால், "நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்பார்கள். மூன்று மணிக்கு எழுந்து சும்மா இருப்பது எப்படி என்பது நமக்கு இன்றளவும் விளங்கவில்லை.

இதே மும்பையில், கிர்காமில், 1959-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஏழு குஜராத்திப் பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி ஒரு மாடித்தளத்தில் அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே பின்னர் லிஜ்ஜத் என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. மாவு பிசைவதும் அப்பளம் இடுவதும் இட்லி வார்ப்பதைவிடப் பெரிய வித்தை அன்று. வேறுபாடு ஒன்றுதான். அப்பளம் இட்ட கூலி, இட்ட பெண்ணின் கையிலேயே கொடுக்கப்பட்டது. அவள் அந்த நிறுவனத்தில் கூலியாள் அல்லள், பங்குடைய உறுப்பினள். ஆண்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், உறுப்பினராக முடியாது. இந்த விதியைக் கேட்டு நம் நண்பர் ஒருவர் மிகவும் வருந்தினார்.

இப்போது நம் வீட்டுச் செய்திக்கு வருகிறோம்.

2016-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி இரவு, ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டதை யாவரும் நினைவில் வைத்திருப்பீர்கள். டிசம்பர் 30 வரை வங்கியில் செலுத்தலாம் என்றார்கள். நாடெங்கும் உள்ள சிறுவாடுகள் அனைத்தும் அந்த ஐம்பது நாட்களில் வெளியே வந்தாகவேண்டும் என்பதே அதன் பொருளாயிற்று. இல்லத்தரசிகள் சேமித்த சிறு தொகைகளை, இரண்டரை இலட்சம் வரை, வருமான வரித்துறை கேள்வி கேட்காது என்று அரசாங்கம் உறுதி கூறியது. அரசாங்கம் கேட்காமல் இருக்கலாம். வீட்டில் கேட்பார்கள் அல்லவா?

நம் மனைவியார் அக்காலத்தில் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்தும், சேலைக்கு ஃபால்ஸ் வைத்தும் கொடுத்துவந்தார். கூலி வருகிறது என்பதை அறிவோம். எவ்வளவு என்று கேட்டதில்லை. கேட்காததையே பெரிய கண்ணியமாக எண்ணியிருந்தோம். ஒன்பது நாட்கள் கழித்து ஓரிரவு, பிள்ளை உறங்கியபின், தையல் இயந்திரத்தின் இழுப்பறைக்கு அடியிலிருந்து ஒரு துணிச் சுருட்டை எடுத்து நம் முன் வைத்தார். ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் பதினேழு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் ஒன்பது, ஆக ரூ. 17,500. மூன்று ஆண்டுச் சேமிப்பு. அவர் பெயரில் கணக்கு இல்லை. ஜன்தன் திட்டம் 2014 ஆகஸ்டு மாதமே வந்துவிட்டது. ஊர் முகவரி, மும்பை முகவரி என்ற குழப்பத்தைச் சாக்காக வைத்து நாம்தான் அதைத் தள்ளிப்போட்டு வந்தோம்.

நாம் முதலில் சிரித்தோம். "இவ்வளவா! எங்கிருந்து?" என்று கேட்டோம். வேடிக்கையாகத்தான் கேட்டோம். ஆனால் அவர் குற்றவாளியைப்போலக் கணக்கு ஒப்பிக்கத் தொடங்கினார்: இன்ன வீட்டு ரவிக்கை, இன்ன தீபாவளி, இன்ன கலியாணம் என்று. போதுமென்று நிறுத்தாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் பணம் நம் கணக்கில் ஏறிற்று. அடுத்த மாதமே ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. தமக்கையின் மகள் பெரியவளாகிவிட்டாள்; மாமன் சீர் குறைவில்லாமல் வரவேண்டும் என்றார் தாயார். ரயில்வே குமாஸ்தாவின் சம்பளம் எந்தத் தேதிவரை நிற்கும் என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் பாதிப் பேருக்கு அனுபவ பாடம். கூட்டுறவுச் சங்கக் கடன் ஒரு பக்கம் பிடித்தமாகிக்கொண்டிருந்தது. ஊரில் நம்மைப் பார்க்கிறவர்கள் நம்மைச் சம்பாதிக்கும் பிள்ளை என்கிறார்கள். எதைச் செலவு செய்வது, எதை மறுப்பது என்பதை நாம் முடிவு செய்ததாக நினைவில்லை. ஆண்பிள்ளையின் சுதந்திரமும் இந்த அளவினதே. ஆனால் அந்த நெருக்கடியிலிருந்து தப்ப நமக்கு ஒரு வழி இருந்தது. மனைவியாரின் பணம் நம் கணக்கில் இருந்தது. "பிறகு கொடுத்துவிடுகிறேன்" என்றோம். "சரி" என்றார். சீர் சிறப்பாக நடந்தது. தட்டுகளை எண்ணிப் பார்த்தவர்கள் நம்மைப் புகழ்ந்தார்கள். அவரை ஒருவரும் புகழவில்லை. அவருடைய பணம் என்று ஒருவருக்கும் தெரியாது. நாமும் சொல்லவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அவர் தைப்பதை நிறுத்திவிட்டார். துணி கொண்டுவருகிறவர்களிடம் தோள் வலி என்று சொல்லி அனுப்பினார். இயந்திரத்தின் மேல் ஒரு பழைய போர்வையை விரித்து, அதன்மேல் பாத்திரங்களை அடுக்கினார். தைலம் வாங்கிக் கொடுத்தோம். இரயில்வே மருத்துவரிடம் காட்டலாமா என்றும் கேட்டோம். ஒன்றரை ஆண்டு இவ்வாறு சென்றது. 2018-இல் ஒருநாள், பிள்ளைக்குப் பள்ளி உடுப்பு தைக்கவேண்டி வந்தபோது இயந்திரம் ஒரே மாலையில் இறங்கிற்று. தோள் நன்றாகத்தான் வேலை செய்தது. அப்போதுதான் நமக்கு உறைத்தது. மறுபடியும் தைக்கலாமே என்றோம். "தைத்தால் பணம் வரும். வந்தால் எங்கே வைப்பது?" என்று கேட்டார்.

கடிதம் எழுதிய சகோதரிக்குப் பதில் எழுதுவதில் நமக்கிருந்த தடை இதுவே. மாதம் நாலாயிரம் சம்பாதித்தும் தாயைப் பார்க்கக் காரணம் தேடுகிற பெண்ணை உண்டாக்குகிற வீடுகளில் நம் வீடும் ஒன்றாக இருந்தது.

இதில் நம்முடைய மனம் மட்டும் குற்றவாளி அன்று. அதற்குப் பின்னே நெடிய மரபு நிற்கிறது. பழைய தர்ம நூல்களும் அவற்றைப் பின்பற்றிய நீதிமன்றங்களும் பெண்ணின் உடைமையை ஸ்திரீதனம் என்று வகுத்து, அதனுள்ளும் ஒரு பிரிவு செய்தன. உற்றார் உறவினர் அன்பினால் அளித்தது சௌதாயிகம். அதை அவள் தன் விருப்பம்போல் விற்கலாம், கொடுக்கலாம். ஆனால் மணமான பின் அவள் தன் கைத்தொழிலால் ஈட்டியதோ, கணவன் உயிரோடுள்ளவரை அவனுடைய ஆதிக்கத்துக்கு உட்பட்டது. பிறர் கொடுத்ததில் இருந்த சுதந்திரம் தான் உழைத்ததில் இல்லை! மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே உரியது என்று விதித்த 1874-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அவ்விதி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்தாதென்று அதிலேயே எழுதிவைத்தார்கள். 1956 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுதான், பெண்ணின் உடைமை அவளுக்கே முழு உரிமையானது என்று நிறுவிற்று. அந்த உடைமை இன்ன இன்ன வழியில் வந்ததாக இருக்கலாம் என்று அடுக்கும்போது, அவளுடைய சொந்தத் திறமையாலும் உழைப்பாலும் வந்ததையும் சேர்த்துச் சொல்கிறது. நாம் துணிச் சுருட்டை வாங்கிக்கொண்டது அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர்.

சட்டம் வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் எண்ணவேண்டாம். அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவை நம் சகோதரிகள் அறிந்திருக்க வேண்டும். உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்து, கணவனும் மக்களும் இல்லையானால், அவளுடைய சொந்தச் சம்பாத்தியம் முதலில் கணவனுடைய வாரிசுகளுக்குச் செல்லும். அவளைப் பெற்ற தாய் தந்தையர் அவர்களுக்குப் பின்னரே நிற்பார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு ஒன்று இதற்குச் சான்று. ஒரு பெண்மணிக்கு 1955-இல் மணமாயிற்று. மூன்று மாதத்துக்குள் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டார் அவரை வெளியேற்றிவிட்டனர். பெற்றோர் சேர்த்துக்கொண்டனர், படிக்க வைத்தனர், அவர் வேலைக்குச் சென்று நாற்பது ஆண்டுக் காலம் தம் காலில் நின்றார். 1996-இல் உயில் எழுதாமல் இறந்தார். வங்கியில் பணமும் வருங்கால வைப்பு நிதியும் கணிசமாக இருந்தன. அவருடைய தாயார் கேட்டார். கணவனுடைய சகோதரியின் மக்களும் கேட்டனர். இரக்கம் தீர்ப்புக்கு அடிப்படையாகாது, சட்டம் சொல்வது இதுதான் என்று கூறி, நீதிமன்றம் கணவன் வழியினருக்கே அதனை அளித்தது. வாழ்நாள் முழுவதும் ஒரு வேளைச் சோறு போடாத வீட்டுக்கு அந்தச் சம்பாத்தியம் போய்ச் சேர்ந்தது. ஒரு தாளில் தம் விருப்பத்தை எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர்களிடமும் கையெழுத்து வாங்கியிருந்தால் அவ்வாறு நேர்ந்திராது. உயிலுக்கு முத்திரைத்தாள்கூடத் தேவையில்லை. இது இந்துக் குடும்பங்களுக்கான விதி. நம் கிறிஸ்தவ, முஸ்லிம் அன்பர்களுக்கு வேறு சட்டங்கள் உள்ளன.

இன்னொன்று. மணமான மகளிர் கோடையில் ஊருக்குப் போகும்போது நடக்கிற ஒரு சடங்கைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. அதுதான் விடுதலைப் பத்திரம். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே, அன்று மணமாகாதிருந்த பெண்களுக்குச் சட்டம் வந்தது. 2005 செப்டம்பரில் நாடு முழுமைக்கும், மணமானவர் ஆகாதவர் என்ற வேறுபாடின்றி வந்தது. ஆனால் பதிவு அலுவலகத்தில் அண்ணன் தம்பிகள் காத்திருப்பார்கள். மும்பை திரும்ப மறுநாளைக்கு டிக்கெட் இருக்கும். "ஒரு கையெழுத்துத்தானே, அக்கா" என்பார்கள். போட்டுவிட்டு வருகிறார்கள். போடாவிட்டால் அடுத்த கோடையில் எந்த வீட்டு வாசலில் போய் இறங்குவது? ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவளுக்குப் பிறந்த வீட்டுக் கதவு திறந்திருப்பது எத்தனை பெரிய சொத்து என்பதை ஊரிலேயே இருப்பவர்கள் அறியமாட்டார்கள். ஆகையால் அந்தக் கையெழுத்தைப் பேதைமை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. விலை தெரிந்தே கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், ஆனால் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம்.

தாமே கையாளும் வங்கிக் கணக்கு உடைய பெண்கள் 2015-16-இல் நூற்றுக்கு 53 பேர் என்றும், 2019-21-இல் 78.6 பேர் என்றும் தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. இது மகிழத்தக்க மாறுதலே. எனினும் கணக்கு என்பது இப்போது பாஸ்புத்தகத்தில் இல்லை, கைப்பேசியில் இருக்கிறது. பணியிலிருக்கும்போது காலமான ஊழியர்களின் மனைவிமார் காகிதங்களோடு நம் அலுவலகத்துக்கு வரும்போது பார்த்திருக்கிறோம். ஓர் அம்மையாரிடம் கணவரின் கைப்பேசி இருந்தது. திறக்கும் எண் தெரியவில்லை. அவர் பெயரிலேயே ஒரு கணக்கு இருந்தது; அதற்கு வரும் ஓ.டி.பி.யும் அந்தப் பூட்டிய கைப்பேசிக்கே வந்துகொண்டிருந்தது. இருபது ஆண்டு குடும்பம் நடத்திய பெண், தம் பணத்துக்கு வெளியே நின்றார்.

சிறுவாட்டுக்கே இக்காலத்தில் வேறோர் ஆபத்து வந்துவிட்டது. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. இப்போது காய்கறி வண்டிவரை வந்துவிட்டது. நூறு ரூபாய் கொடுத்து எண்பத்தேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கிய காலத்தில் மிச்சம் பதின்மூன்று ரூபாய் டப்பாவுக்குப் போகும். அந்தச் சில்லறையில்தான் சிறுவாடு வளர்ந்தது. கியூ.ஆர். அட்டையில் எண்பத்தேழு செலுத்தினால் எண்பத்தேழுதான் போகிறது. மிச்சமென்று ஒன்று கையில் விழுவதில்லை. செலுத்தியது எங்கே, எத்தனை மணிக்கு என்பதும் கணவரின் கைப்பேசிக்கு உடனே செய்தியாகச் சேர்ந்துவிடுகிறது. இட்லிப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டை யாருடைய கணக்கைக் காட்டுகிறது என்று பாருங்கள். ஒளித்து வைக்கும் காலம் முடிந்துவிட்டது. இனி ஒன்று வெளிப்படையாக அவர் பெயரில் இருக்கவேண்டும். இல்லையேல் இல்லாமலே போகவேண்டும்.

2018-இல் மனைவியாரை அழைத்துக்கொண்டு ஒரு வங்கிக்குச் சென்றோம். அங்கிருந்த குமாஸ்தா கேள்விகளையெல்லாம் நம்மைப் பார்த்தே கேட்டார். தமிழில் கையெழுத்திட்டதைக் கண்டு தயங்கினார்; எந்த மொழியிலும் கையெழுத்திடலாம் என்று வாதாடிச் சம்மதிக்க வைத்தோம். நம் வீரத்தை எண்ணி நாமே மகிழ்ந்துகொண்டிருக்கையில், படிவத்தை எட்டிப் பார்த்த மனைவியார், "இது யாருடைய போன் நம்பர்?" என்றார். பழக்க தோஷத்தால் நம் எண்ணை எழுதியிருந்தோம். அடித்துவிட்டு அவருடைய எண்ணை எழுதினோம். 17,500 ரூபாயை ஐந்து தவணையில் அக்கணக்கில் செலுத்தினோம். இரண்டாவது தவணைக்குப் பிறகு தையல் இயந்திரத்தின் மேலிருந்த பாத்திரங்கள் பரணுக்குச் சென்றன.

அதே சமயத்தில் நம் காகிதங்களையும் எடுத்துப் பார்த்தோம். வேலையில் சேர்ந்த ஆண்டு எடுத்த ஆயுள் காப்பீட்டில் நியமனதாரராகத் தாயாரின் பெயரே இருந்தது. மணமாகி ஐந்தாண்டு ஆகியும் மாற்றவில்லை. தாயாருக்கும் வேண்டியதுதான், ஆகையால் அதை அவ்வாறே விட்டு, மனைவி மக்களின் நன்மைக்கென்று 1874-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்கீழ் வேறொரு பாலிசி எடுத்தோம். அவ்விதம் எடுத்த பாலிசி கணவனின் சொத்தில் சேராது. அவன் கடன்காரரும் தொடமுடியாது. அவனே மனம் மாறினாலும் திரும்ப வாங்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே அதற்குரிய படிவத்தில் எழுதிவிட வேண்டும். மேலே சொன்னபடி இச்சட்டத்தின் முக்கிய விதி நமக்குப் பொருந்தவில்லையாயினும், இந்த 6-ஆம் பிரிவு சென்னை மாகாணத்து இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் 1913 டிசம்பர் 31-க்குப் பின் எடுக்கப்பட்ட பாலிசிகளிலிருந்தும், மற்றப் பகுதியினருக்கு 1923 ஏப்ரலுக்குப் பின்னரும் கிடைத்தது. நம்மவர்க்கு ஒன்பது ஆண்டு முந்திக் கிடைத்த வசதி. பயன்படுத்தியவர்களை நாம் அதிகம் கண்டதில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: தங்கள் நாலாயிரம் எந்தக் கணக்குக்குப் போகிறது, அந்தக் கணக்கில் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது என்பதைத் தாங்கள் எழுதவில்லை. அவ்விரண்டையும் முதலில் பாருங்கள். தாயாரைப் பார்க்க விரும்புவதே போதிய காரணம். வேறொன்றைத் தேட வேண்டியதில்லை. கணவரிடம் இதை எவ்வாறு சொல்வது என்று கேட்பீர்கள். இந்த இதழை மேசைமேல் திறந்து வைத்துவிடுங்கள். ஆண்பிள்ளை எழுதியது என்றால் சிலர் படிக்கிறார்கள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை நான்கு மணியிலிருந்து, சங்கக் கட்டடத்தின் நூலக அறையில் நாமும் மனைவியாரும் இருப்போம். கணக்குத் தொடங்கும் படிவம், கைப்பேசி எண் மாற்றும் படிவம், நியமனதாரர் படிவம் ஆகியவற்றைத் தமிழில் விளக்கி நிரப்பிக் கொடுப்போம். ஆதார் அட்டையும் இரண்டு புகைப்படமும் கொண்டுவந்தால் போதும். உடன் வரும் ஆண்கள் வெளித்தாழ்வாரத்தில் தேநீர் அருந்தலாம். நம் மனைவியாரைக் கண்டால் நம்மைப் பற்றி விசாரிக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம். சென்ற கோடையில் டிக்கெட்டுக்காக அவரிடம் வாங்கிய ஆறாயிரம் ரூபாய் இன்னும் அவர் நோட்டுப் புத்தகத்தில் நம் பெயருக்கு எதிரே நிற்கிறது.